திரையிலே தெரியும் பழுது

வீட்டிலே ஒரு பொருள் பழுதடைந்துவிட்டால், அப்பழுது எங்கே கண்ணுக்குப் புலப்படுகின்றதோ அங்கேதான் பிறந்தது என்று எண்ணிவிடுவது மனித இயல்பு. மாரிகாலத்திலே கூரையிலிருந்து நீர் சொட்டினால், சொட்டுகின்ற இடத்துக்கு நேர்மேலே கிடக்கும் ஓட்டினையே குறைகூறுகின்றோம். ஏணி வைத்து ஏறிப் பார்த்தாலோ, உடைந்த ஓடு நாலு முழம் அப்பாலே கிடக்கின்றது. மழைநீர் சிலாகையைப் பற்றிக்கொண்டு மெல்ல ஓடிவந்து, தனக்கு வசதியான ஓரிடத்திலே துளித்துளியாய் விழுந்திருக்கின்றது. நல்ல ஓட்டினை மாற்றிவிட்டு உடைந்ததனை அப்படியே விட்டுவைப்போமாயின், அடுத்த மழைக்கும் பாத்திரம் வைத்து நீர் ஏந்த வேண்டியதுதான்.

கணினித் திரையிலே தோன்றும் கோளாறுகளுட் பல இத்தகையனவே என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

2020ஆம் ஆண்டிலே கொரோனாக் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நம்மவர் வீடுகள் பலவற்றிலே கணினி வந்து குடிபுகுந்தது. சிலர் புதியது வாங்கினர். பலர் அலுவலகங்கள் பாவித்துக் கழித்த பழையனவற்றை வாங்கினர். பாடசாலைகள் மீண்டும் திறந்த பின்னரும் அவை வீட்டை விட்டுப் போகவில்லை. பிள்ளையின் பாடப் பதிவுகளும் கடந்தகால வினாத்தாள்களும் அதனுள்ளேதான் இருக்கின்றன. கடல் கடந்து உழைக்கும் தந்தையின் முகத்தைக் காண்பதும் அதனாலேதான். ஆகவே, ஒரு நாள் மாலை அதன் திரையிலே கறுத்த சதுரங்கள் தோன்றிவிட்டால் வீடு முழுவதும் கலங்கிப்போகின்றது.

அக்கோளாற்றுக்குப் பல முகங்கள் உண்டு. எழுத்து வரிகள் நடுவிலே கிழிந்ததுபோற் காணப்படும். ஒரு சாளரத்தைப் பிடித்து இழுத்தால், அதன் சாயல் இழுத்த வழியெல்லாம் சுவடுபோலப் படிந்து கிடக்கும். பட்டியலைத் திறந்தாற் பாதி திறந்து பாதி கறுப்பாய் நிற்கும். சின்னஞ்சிறு படங்கள் இருந்த இடத்திலே வெற்றுக் கட்டங்கள் மட்டும் எஞ்சும். இவற்றைக் கண்டவுடனே வீட்டார் மூன்று தீர்ப்புகளுள் ஒன்றை வழங்கிவிடுவர். "திரை போய்விட்டது" என்பது முதலாவது. "வைரஸ் புகுந்துவிட்டது" என்பது இரண்டாவது. "பிள்ளை விளையாடி விளையாடிப் பழுதாக்கிவிட்டான்" என்பது மூன்றாவது. முதலிரண்டு தீர்ப்பினாலும் பணம் போகும். மூன்றாவதினாற் போவது வேறொன்று. அதனைப் பின்னர் சொல்கின்றேன்.

நான் கணினித் தொழினுட்பத்திலே பட்டம் பெற்றவன் அல்லன். விஞ்ஞானப் பட்டதாரி, கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிப்பவன். ஆயினும் கணினியறையின் திறப்பு பல ஆண்டுகளாக என் கையிலே இருந்து வருகின்றது. திறப்பு யாரிடம் இருக்கின்றதோ அவரிடமே பழுதுகளும் வந்து சேரும் என்பது பாடசாலைகளிலே எழுதப்படாத விதி. அவ்வாறு வந்து சேர்ந்தவற்றிலிருந்து கற்றதையே இங்கு எழுதுகின்றேன்.

முதலிலே, திரையிலே நாம் காணும் படம் எங்கே இருக்கின்றது என்று கேட்போம். திரையிலேதான் இருக்கின்றது என்பது குழந்தையின் விடை. உண்மையிலே அது நினைவகத்திலே இருக்கின்றது. சாதாரண மடிக்கணினி ஒன்றின் திரையிலே கிடையாக 1366 புள்ளிகளும் நிலைக்குத்தாக 768 புள்ளிகளும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 10,49,088 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறித்து வைக்க 4 பைற் இடம் வேண்டும். ஆகவே ஒரு முழுத் திரைப் படத்துக்கு ஏறத்தாழ 42 இலட்சம் பைற். இந்தப் படத்தை நினைவகத்திலிருந்து செக்கனுக்கு ஏறக்குறைய 60 தடவை வாசித்து வாசித்துத் திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றது கணினி. நினைவகத்திலே படம் சிதைந்தாற் திரை அந்தச் சிதைவையும் நேர்மையாகவே காட்டும். கண்ணாடியிலே முகத்திற் கரி தெரிந்தாற் கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை.

நினைவகத்துக்கும் திரைக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதன்று. இங்கிலாந்தின் மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்திலே 1948ஆம் ஆண்டு யூன் 21ஆந் திகதி, தன்னுள்ளே சேமித்து வைத்த கட்டளைத் தொடரொன்றை ஒரு சிறு கணினி முதன்முதலாக இயக்கிக் காட்டியது. அதன் நினைவகம் எது தெரியுமா? தொலைக்காட்சிப் பெட்டியிலே இருந்தது போன்ற ஒரு கதோட்டுக் கதிர்க் குழாய்! பிரெடெரிக் வில்லியம்ஸ், ரொம் கில்பேர்ண் என்னும் இருவர், அக்குழாயின் முகப்பிலே மின்னேற்றப் புள்ளிகளாக 1024 துணுக்குச் செய்திகளைத் தேக்கி வைக்கும் வழியைக் கண்டனர். அதே புள்ளிகளை இன்னொரு குழாயிலே தோன்றச் செய்து, கணினி என்ன நினைத்துக்கொண்டிருக்கின்றது என்பதைக் கண்ணாலேயே பார்த்தனர். இன்று நினைவகம் வேறு, திரை வேறு என்று பிரிந்துவிட்டன. எனினும் ஒன்றின் வருத்தத்தை மற்றையது முகத்திலே காட்டும் பழைய வழக்கம் மாறவில்லை.

இனி, இந்த நினைவகத்திலே யார் யாருக்குப் பங்கு என்பதைப் பார்ப்போம். விலையுயர்ந்த கணினிகளிலே படம் வரைவதற்கென்றே தனி அட்டையும் அதற்கெனத் தனி நினைவகமும் உண்டு. நம் வீடுகளிலே உள்ளவை பெரும்பாலும் அத்தகையன அல்ல. அவற்றிலே படம் வரையும் பகுதி, மற்றைய மென்பொருள்கள் பயன்படுத்தும் பொது நினைவகத்திலேயே தானும் பங்கு கேட்கின்றது. விண்டோஸ் அதற்கு நினைவகத்தில் ஏறத்தாழப் பாதிவரை கொடுக்க ஆயத்தமாக இருக்கின்றது. ஆனால் மற்றவர்கள் மிச்சம் விட்டிருந்தால் மட்டுமே.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குப் பங்குக் கிணறு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கிணறு ஒன்று, பங்காளிகள் பலர். முந்தியவர் மட்டுமீறி இறைத்துவிட்டால், பிந்தியவரின் கடைசிப் பாத்தியிலே நிற்கும் மிளகாய்க் கன்றுதான் முதலில் வாடும். வாடிய கன்றைப் பார்த்து "மண் சரியில்லை" என்று சொல்வாரும் உளர். கணினியிலே திரை என்பது அந்தக் கடைசிப் பாத்தி. 2007ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் விஸ்ராவின் காலந்தொட்டு, திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்தின் படமும் நினைவகத்திலே தனித்தனியே வரையப்பட்டு, பின்னர் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கப்பட்டே திரைக்கு வருகின்றது. ஒரு சாளரத்துக்குரிய படத்தை வரைய இடம் கிடைக்காவிட்டால், அந்தச் சாளரம் மட்டும் கறுத்துப்போக, பக்கத்துச் சாளரம் பளிச்சென்று இருக்கும். திரை பழுதாயிருந்தால் இப்படி ஆள்பார்த்து வஞ்சகம் செய்யாது.

நினைவகம் போதாமற் போகுமென்று முன்னோர் அறியாதவர் அல்லர். அதே மான்செஸ்ரரிலே, அதே கில்பேர்ணின் தலைமையிலே உருவாகி 1962ஆம் ஆண்டு தொடக்கி வைக்கப்பட்ட அற்லஸ் என்னும் கணினியிலே ஓர் அரிய உபாயம் கையாளப்பட்டது. சிறிய விரைவான நினைவகத்தையும் பெரிய மெதுவான நினைவகத்தையும் இணைத்து, இரண்டும் ஒன்றே எனக் கட்டளைத் தொடர்களுக்குத் தோன்றும்படி செய்தனர். இப்போது தேவையில்லாத பக்கங்கள் மெதுவான இடத்துக்குச் செல்லும். தேவைப்படும்போது திரும்பி வரும். இன்று நாம் மெய்நிகர் நினைவகம் என்று மாணவர்க்குக் கற்பிப்பது இதனையே. நம் கணினிகளிலே அந்த மெதுவான இடம் வன்தட்டிலே ஒதுக்கப்பட்ட ஒரு கோப்பு. அதனைப் பக்கக் கோப்பு என்று அழைப்போம்.

இக்கோப்பைப் பற்றி ஒரு செய்தியைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். விண்டோஸ் மிகக் கண்டிப்பான கணக்கப்பிள்ளை. ஒரு மென்பொருள் "எனக்கு இவ்வளவு இடம் வேண்டும்" என்று உறுதி கேட்டால், அவ்விடத்தை அது உண்மையிலே பயன்படுத்துமுன்னரே, அவ்வளவுக்கும் ஈடு இருக்கின்றதா என்று பார்க்கும். ஈடாக நிற்பவை இரண்டு: நினைவகமும் பக்கக் கோப்பும். கொடுத்த வாக்குகளின் கூட்டுத்தொகை அவ்விரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்ட ஒருபோதும் விடாது. லினக்ஸ் வழமையாக அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை. கேட்டவருக்கெல்லாம் ஓரளவு தாராளமாக வாக்குக் கொடுத்துவிட்டு, உண்மையிலே முட்டுப்பட்டால் ஏதேனும் ஒரு வேலையை நிறுத்திவிடும். இருவரின் குணமும் வேறு. விண்டோசிலே பக்கக் கோப்பை நீக்கிவிட்டால் ஈடு குறைந்துபோகின்றது. நினைவகத்திலே இன்னும் பயன்படாத இடம் இருக்கும்போதே, "வாக்குக் கொடுக்க வழியில்லை" என்று கணக்கப்பிள்ளை கையை விரித்துவிடுகின்றார். அப்போது சில மென்பொருள்கள் சடுதியாக மூடிக்கொள்ளும். சிலவற்றின் படங்கள் வரையப்படாமற் கறுத்து நிற்கும்.

இத்தகைய விந்தைகள் கணினி வரலாற்றிலே முன்னரும் நிகழ்ந்துள்ளன. விண்டோஸ் 98 வழங்கிய காலத்திலே, 512 மெகாபைற்றுக்கு மேல் நினைவகம் பூட்டிய சிலருக்கு "நினைவகம் போதாது" என்ற செய்தி வந்தது. உள்ளதைக் கூட்டியவனுக்கு இல்லை என்ற விடை! காரணம் இதுதான்: கோப்புகளை விரைவாக எடுத்துத் தருவதற்கான இடைத்தேக்கம், நினைவகம் கூடக்கூடத் தானும் பெருத்து, பணிசெயல் முறைமைக்கு உரிய முகவரிகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. அன்று புதிதாக வந்த வரைவியல் அட்டைகளும் அதே முகவரிப் பரப்பிலேதான் தமக்கு இடம் தேடின. அமைவுக் கோப்பிலே அந்த இடைத்தேக்கத்துக்கு ஓர் எல்லை குறித்து ஒரு வரி எழுதியதும் பிணி தீர்ந்தது.

அடுத்து வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலே இன்னொரு கதை. 32 துணுக்குக் கணினியிலே 4 ஜிகாபைற் அளவுக்குத்தான் முகவரிகள் உண்டு. அவற்றிலே 2 மென்பொருள்களுக்கும் 2 பணிசெயல் முறைமைக்கும் என்பது வழக்கமான பங்கீடு. பெரிய வரைபடங்கள் செய்வோர், தம் மென்பொருளுக்கு 3 ஜிகாபைற் கிடைக்கும்படி தொடக்கக் கோப்பிலே ஒரு சொல்லைச் சேர்த்தனர். மென்பொருளுக்கு வாழ்வுதான், ஆனால் பணிசெயல் முறைமைக்கு எஞ்சியது 1 ஜிகாபைற் மட்டுமே. வரைவியல் அட்டையை இயக்கும் பகுதி அந்த ஒடுங்கிய இடத்துக்குள்ளேதான் வாழ வேண்டும். இடம் போதாதபோது சில கணினிகளிலே படம் சீர்கெட்டது. சில தொடங்கவே மறுத்தன. நல்ல படம் வரையவேண்டுமென்று செய்த மாற்றமே படத்தைக் கெடுத்தது. பின்னர், 2க்கும் 3க்கும் இடைப்பட்ட ஓர் அளவைக் குறிக்க வழி செய்து இதனை ஓரளவு தீர்த்தனர்.

இவ்விரண்டு வரலாறுகளிலும் ஓர் ஒற்றுமையைக் காணலாம். யாரும் எதனையும் உடைக்கவில்லை. எந்த உறுப்பும் தேயவில்லை. செற்றிங்ஸ் என்று பிள்ளைகள் கூறும் அமைவுகளிலே ஒரு சிறு மாற்றம். அதுவும் நல்ல நோக்கத்துடனே செய்யப்பட்டது. விளைவு வேறோர் இடத்திலே வெளிப்பட்டது.

சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கணினியின் கதை இதற்கு அண்மை உதாரணம். உயர்தர வகுப்பிலே கற்கும் ஒரு மாணவன், தாயாருடன் ஒரு மாலை வீட்டுக்கு வந்தான். கையிலே பழைய மடிக்கணினி. நினைவகம் 4 ஜிகாபைற். பாடப் பதிவைத் திறந்து, பக்கத்திலே வினாத்தாளையும் உலாவியையும் திறந்தால் திரையெங்கும் கறுத்த கட்டங்கள். கடையொன்றிலே காட்டியபோது, வரைவியற் பகுதி எரிந்துவிட்டது, தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்று சொன்னார்களாம். அந்தப் பணத்துக்காகத் தாயார் தம் காப்புகளிலே ஒன்றை அடகு வைக்க எண்ணியிருந்தார். பரீட்சைக்கு இரண்டு மாதங்கள்கூட இல்லை.

"சேர், இவன் இரவிரவாக் கேம் விளையாடித்தான் இதைப் பழுதாக்கிப் போட்டான். கேட்டால் வாய் திறக்கிறானில்லை" என்றார் அந்த அம்மா.

"நான் ஒண்டும் செய்யேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றான் பையன்.

நான் கணினியை மேசையிலே வைத்துத் தொடக்கினேன். தொடங்கும்போது தோன்றும் நிறுவனச் சின்னம் மாசுமறுவின்றி இருந்தது. வழமைபோல மூன்று நான்கு மென்பொருள்களைத் திறந்ததும் கறுப்புக் கட்டங்கள் வந்தன. அந்நிலையிலே திரைப்படியொன்றை எடுத்துச் சேமித்து, என் கைப்பேசியிலே திறந்து பார்த்தேன். கைப்பேசியிலும் அதே கறுப்புக் கட்டங்கள்! இச்சிறு சோதனை மிகவும் பயன்தருவது. திரையோ அதன் வடமோ பழுதாயிருந்தால், திரைப்படி வேறொரு கருவியிலே நன்றாகத் தெரிந்திருக்கும். படியிலேயே கறை இருப்பதாற் படம் திரைக்கு வருமுன்னரே கெட்டுவிட்டது என்பது தெளிவாயிற்று.

பின்னர் விண்டோஸ், கொன்ரோல், ஷிஃப்ற், பி என்னும் நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்தினேன். வரைவியல் இயக்கியை மீளத் தொடக்கும் வழி அது. திரை ஒருகணம் இருண்டு தெளிந்தது. ஆனாற் சிறிது நேரத்திலே மீண்டும் கட்டங்கள். அடுத்து, மிகக் குறைந்த பகுதிகளுடன் மட்டும் இயங்கும் பாதுகாப்பு முறையிலே கணினியைத் தொடக்கினேன். அரைமணி நேரம் வைத்துப் பார்த்தும் ஒரு கட்டமும் தோன்றவில்லை. எரிந்துபோன பகுதி, நாம் எந்த முறையிலே தொடக்குகின்றோம் என்று பார்த்து நடக்குமா என்ற ஐயம் எனக்கு வலுத்தது.

வழமையான முறைக்குத் திரும்பி, ராஸ்க் மனேஜரிலே நினைவகக் கணக்கைத் திறந்தேன். "கொமிற்றட்" என்ற சொல்லின்கீழ் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, இதுவரை கொடுத்த வாக்கு. இரண்டாவது, கொடுக்கக்கூடிய உச்ச எல்லை. இரண்டும் ஏறத்தாழ முட்டிக்கொண்டு நின்றன. அதைவிட முக்கியம், அந்த உச்ச எல்லை பூட்டியிருந்த நினைவகத்தின் அளவைத் தாண்டவேயில்லை. பக்கக் கோப்பு இருந்திருந்தால் அது தாண்டியிருக்க வேண்டும். கோப்பை யாரோ நீக்கியிருக்கின்றார்கள்.

அப்போது நான் பையனிடம் கேட்டேன்: "தம்பி, பழுதாக்கினது ஆரெண்டு நான் கேக்கேல்லை. உந்தக் கறுப்பு வர முதல், கடைசியா என்னத்தை மாத்தினீர்?"

அவன் தாயாரை ஒருமுறை பார்த்தான். பின்பு மெல்லச் சொன்னான். பௌதிகவியற் பாடப் பதிவுகளைச் சேமிக்க வன்தட்டிலே இடம் போதவில்லை. இடம் பிடிக்கும் ஒரு பெரிய கோப்பை எப்படி நீக்குவது என்று ஒரு காணொளியிலே சொன்னார்கள். அதன்படி செய்தான். சில ஜிகாபைற் இடம் மிஞ்சியது. அந்த இடத்திலே பாடங்களைச் சேமித்துக்கொண்டான். இரண்டொரு நாளிலே திரை கறுக்கத் தொடங்கியது. தான் செய்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று அவனுக்கு உள்ளூர ஓர் ஐயம், ஆனால் "என்ன செய்தாய்?" என்று அதட்டிக் கேட்டபோது அதனைச் சொல்ல நா எழவில்லை.

மிச்சம் கால் மணி நேர வேலை. வன்தட்டிலே இரட்டையாய்க் கிடந்த பதிவுகளையும் பழைய நிறுவற் கோப்புகளையும் நீக்கினோம். சில பாடங்களை வெளித்தட்டு ஒன்றுக்கு மாற்றினோம். பின், மெய்நிகர் நினைவக அமைவிலே, பக்கக் கோப்பின் அளவைப் பணிசெயல் முறைமையே பார்த்துக்கொள்ளட்டும் என்னும் கட்டத்திலே சரியிட்டு, கணினியை மூடித் தொடக்கினோம். பாடமும் வினாத்தாளும் உலாவியும் திறந்தன. திரை தெளிவாக இருந்தது. பழைய கணினியாதலின் வேகம் சற்று மந்தந்தான். ஆயினும் வேலை நடந்தது. செலவு ஒரு சதமும் இல்லை. அந்த அம்மா தம் கையிலிருந்த காப்பை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. படலைவரை சென்ற பின், அவன் கையிலிருந்த கணினிப் பையைத் தாம் வாங்கிக்கொண்டார்.

கடைக்காரரைப் பழிக்க இதனை எழுதவில்லை. அவரிடம் அந்த முக்கியச் செய்தியை யாரும் சொல்லவில்லை. மருத்துவரிடம் போய்த் தலைவலி என்று மட்டும் சொல்லி, இரண்டு நாளாய்ப் பட்டினி கிடந்ததை மறைத்துவிட்டால் அவர்தாம் என்ன செய்வார்? உறுப்புத் தேய்ந்தால் அடையாளம் வெளியே தெரியும். அமைவு மாறினால் அடையாளமே இராது. மாற்றியவரின் நினைவிலேதான் அது பதிந்திருக்கும். அந்த நினைவு பயத்தினாற் பூட்டிக்கிடந்தால், எத்தனை கருவி கொண்டு சோதித்தாலும் காலமும் பணமும் வீணாகும். மூன்றாவது தீர்ப்பினாற் போவது வேறொன்று என்று முன்னர் குறிப்பிட்டேனல்லவா? பிள்ளை உண்மை சொல்லும் வாய்ப்பே அது.

வாசகர்களுக்குப் பயன்படும்பொருட்டு, கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கைச் சுருக்கமாகக் கூறுகின்றேன்.

முதலாவது, பழுது தோன்றுமுன் என்ன மாறியது என்று கேளுங்கள். புதிய மென்பொருளா, புதுப்பித்தலா, யாரேனும் அமைவை மாற்றினரா என்று வீட்டார் எல்லோரிடமும் அமைதியாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கணினி தொடங்கும்போதே கோடுகளோ கட்டங்களோ தெரிகின்றனவா என்று பாருங்கள். சின்னம் தோன்றும் கணத்திலேயே கோடு விழுமாயின், அமைவின்மேற் பழிபோட இடமில்லை. திரையோ வடமோ வரைவியற் பகுதியோ பழுதாயிருக்கலாம். அப்போது திருத்துநரை நாடுவதே முறை.

மூன்றாவது, திரைப்படி எடுத்து வேறொரு கருவியிலே பாருங்கள். படி தெளிவாக இருந்தால், வடத்தையும் திரையையும் மாற்றிச் சோதியுங்கள். படியிலும் கறை இருந்தால் அவற்றுக்குக் காசு செலவழியாதீர்கள்.

நான்காவது, வரைவியல் இயக்கியை மீளத் தொடக்கிப் பாருங்கள்; பாதுகாப்பு முறையிலும் பாருங்கள். அங்கே பழுது மறைந்தால், மென்பொருளிலோ அமைவிலோ காரணம் இருப்பதற்கு இடம் அதிகம்.

ஐந்தாவது, நினைவகக் கணக்கைப் பாருங்கள். வாக்கும் எல்லையும் முட்டி நிற்கின்றனவா? பக்கக் கோப்பு இருக்கின்றதா? இன்னுமொன்று: விண்டோசின் தொடக்க அமைவுகளிலே "மக்ஸிமம் மெமரி" என்றொரு கட்டம் உண்டு. அதிலே சரியிட்டாற் கணினி வேகமாகும் என்று சிலர் சொல்லித் திரிகின்றனர். அக்கட்டம் நினைவகத்தைக் கூட்டுவதற்கன்று, சோதனைக்காக மட்டுப்படுத்துவதற்கே. அதனை வெறுமையாக விட்டுவைப்பதே நன்று. இவை யாவும் சரியாக இருந்தும் பழுது தொடருமாயின், விண்டோசுடனேயே வரும் நினைவகச் சோதனையை ஓடவிட்டுப் பாருங்கள். நினைவகச் சில்லே கெட்டிருந்தால் அதுவும் வெளிப்படக்கூடும்.

எதனைச் செய்தாலும் ஒருமுறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். மூன்றை ஒருங்கே மாற்றிவிட்டாற் பழுது தீர்ந்தாலும் எதனாலே தீர்ந்தது என்று தெரியாது. கூடினாலும் எதனாலே கூடியது என்று தெரியாது. ஆய்வுகூடத்திலே ஒரு கணியத்தை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாது வைத்திருங்கள் என்று பௌதிகவியல் மாணவர்க்கு நாள்தோறும் சொல்கின்றோம். அவ்விதி ஆய்வுகூடத்தின் வாயிலோடு முடிந்துவிடுவதில்லை.

எங்கள் கணினியறையிலே இப்போது ஒரு கொப்பி இருக்கின்றது. எந்தக் கணினியிலே, எந்த நாள், எந்த அமைவு, எதிலிருந்து எதற்கு மாற்றப்பட்டது என்று மாற்றியவரே அதிலே எழுத வேண்டும். எழுதியவரை யாரும் கண்டிக்கக் கூடாது என்பது அறையின் கட்டளை. தொடக்கத்திலே மாணவர் தயங்கினர். ஓர் எழுத்தும் விழாத தாள்களே முதல் மாதம் முழுவதும் இருந்தன. பின்பு ஒருவன் எழுதினான். அவனை யாரும் ஏசவில்லை என்று கண்டு மற்றையோரும் எழுதத் தொடங்கினர். இன்று பழுதொன்று வந்தால், கணினியைத் திறக்குமுன் கொப்பியைத்தான் திறக்கின்றோம். பாதிப் பழுதுகளுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடுகின்றது.

வீடுகளிலும் இத்தகைய கொப்பி ஒன்று கணினியின் அருகே இருப்பது நன்று. நாற்பது தாள் கொப்பியொன்று போதும். அதன் விலை சிறிது. பிள்ளை தான் மாற்றியதை அஞ்சாமல் எழுதுவதற்கு ஏற்ற வீடாக அவ்வீடு இருக்க வேண்டும் என்பதுதான் சற்றே கடினமான நிபந்தனை. அதனை அமைத்துக் கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு.